பயமும் காயத்தின் ஒரு பகுதியே
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



றத்தோட்டையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, முதல் மணிக்கு முன் மைதானத்தை ஒரு சுற்று ஓடியவள் நான். உயர்தர வகுப்பில் வலைப்பந்தாட்டப் பயிற்சியின்போது பாய்ந்து இறங்கியதில் முழங்கால் திரும்பியது. ஓராண்டில் கால் சரியாகிவிட்டது. "இனி ஆடலாம்" என்றார் வைத்தியர். ஆனால், பந்து உயர வந்தால் என் கால் நிலத்தை விட்டு எழும்பவில்லை. பயமென்று சொல்ல வெட்கப்பட்டு, "படிப்பு இருக்கிறது" என்று ஒதுங்கிக்கொண்டேன். அந்தப் பொய்யை இன்றுதான் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது நமது தங்கைமார் உதைபந்தாட்டமும் ஆடுகிறார்கள். அவர்களுக்காக ஒரு வீராங்கனையைப் பற்றிச் சொல்கிறேன். மணிப்பூரைச் சேர்ந்த பாலா தேவி, 2020 ஜனவரியில் ஸ்கொட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கழகத்தில் ஒப்பந்தமானார். அந்த ஆண்டு டிசம்பரில் அங்கே தமது முதல் கோலை அடித்தார். 2021இல் முழங்காலின் ஏ.சி.எல். எனும் பிணைநார் காயமடைந்தது. அப்போது அவருக்கு வயது 31. அத்துடன் முடிந்தது என்று பலரும் நினைக்கக்கூடிய வயது. அவரோ மீண்டும் தேசிய அணிக்கு வந்தார். 2024 ஒக்டோபரில், காத்மாண்டுவில் நடந்த தெற்காசியப் போட்டியில், பாகிஸ்தானுக்கு எதிராகத் தமது 50ஆவது சர்வதேச கோலை அடித்தார். இந்தியப் பெண்களில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதலாமவர் அவரே.

இந்தக் காயத்துக்குச் சத்திரசிகிச்சை செய்தால், போட்டிக்குத் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதங்களாவது பொறுக்கச் சொல்வார்கள். நார் ஆறுவதற்கு நாட்கணக்கு உண்டு. நம்பிக்கைக்கு அப்படிக் கணக்கில்லை. எந்த அசைவில் விழுந்தோமோ, அந்த அசைவையே மனம் அஞ்சும். ஆகவே முதலில் நடை, பிறகு நேர் ஓட்டம், பிறகு திரும்புதல், பாய்ந்து இறங்குதல், கடைசியில்தான் எதிராளியோடு மோதிப் பந்தெடுத்தல். ஒவ்வொன்றையும் பலமுறை செய்து, "விழவில்லை" என்று உடம்பே மனதுக்குச் சொல்ல வேண்டும்.

நமது சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்கள். காயப்பட்ட பிள்ளையை அணியிலிருந்து விலக்கி வைக்காதீர்கள். புள்ளி எழுதவாவது மைதானத்தில் இருக்கட்டும். "எப்போது ஆடுவாய்?" என்று கேளாமல், "இன்று என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். பயமாயிருக்கிறது என்று அவள் சொன்னால் சிரிக்காதீர்கள். அன்று யாராவது என்னிடம் அப்படிக் கேட்டிருந்தால், நான் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

தங்கைமாரே, பயப்படுவது கோழைத்தனமல்ல. அது காயத்தில் கடைசியாக ஆறும் பகுதி. அதற்கும் காலம் கொடுங்கள்.

வாழ்க நம் பாடசாலைத் தாய்!