கல்மழையும் கொட்டகையில்லாக் காரும்

வடநாட்டில் குடியேறிய நம்மவர்க்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆலங்கட்டி மழை ஒரு வேடிக்கை. பங்குனி, சித்திரைப் பிற்பகலொன்றில் மேற்குத் திசை பழுப்பேறும். ஆந்தி என்று இங்குள்ளோர் சொல்லும் புழுதிக்காற்று சன்னல்களை அறையும். அதன் பின்னாலேயே சடசடவென்று வெண்கற்கள் விழும். குழந்தைகள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடுவர். நாமும் ஊரிலுள்ள பாட்டிக்குத் தொலைபேசியில் சொல்லி மகிழ்வோம். ஆலி, ஆலங்கட்டி எனத் தமிழில் பழம்பெயர்கள் உண்டெனினும், சமவெளித் தமிழ்நாட்டில் பிறந்த பலர் அதைக் கண்ணாற் கண்டது அரிது. வாசலில் சொந்தமாக ஒரு கார் வந்து நின்ற ஆண்டிலிருந்துதான் அந்த வேடிக்கை கவலையாக மாறுகிறது.

தில்லியிலும் நாக்பூரிலும் கொல்கத்தாவிலும் நம்மவருட் பலர் அடுக்குக் குடியிருப்புகளிலோ அரசாங்கக் குவார்ட்டர்ஸிலோ வாழ்பவர். கார் வாங்கக் கடன் கிடைக்கிறது. அதை நிறுத்தக் கொட்டகை கிடைப்பதில்லை. தவணை பாதிகூடத் தீராத நிலையில், கால்மணி நேர மழையில் காரின் கூரை முழுதும் அம்மைத் தழும்பு கண்டாற்போல் ஆகிவிட்டால், அந்த மாதத்துக் குடும்பக் கணக்கே தலைகீழாகிவிடும்.

கல்லின் பருமன்தான் இங்கே முக்கியம். விட்டம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். பெரிய கல் விரைவாகவும் விழுவதால், அது தாக்கும் ஆற்றல் ஏறக்குறைய பதினாறு மடங்காகிவிடும். 2 சென்டிமீட்டர்க் கல் நான்கு கிராம்கூட இராது. எலுமிச்சம்பழ அளவில் 4 சென்டிமீட்டர்க் கல்லோ 30 கிராம் இருக்கும். அது மணிக்குச் சுமார் 60 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும். காரின் மேல்தகடு முக்கால் மில்லிமீட்டர் அளவே தடித்தது. ஆகவே புளியங்கொட்டை அளவுக் கல்லுக்கு நாம் அஞ்ச வேண்டுவதில்லை. நெல்லிக்காய் அளவைக் கடந்தால்தான் தகடு குழியத் தொடங்கும்.

இம்மழை முன்னறிவிப்பின்றி வருவதன்று. பிப்ரவரி முதல் மே வரையிலான மாதங்களில், பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும், வடமேற்கு இந்தியாவில் இது நேர்கிறது. வங்கத்திலும் அஸ்ஸாமிலும் கால்பைசாகிப் புயலோடு சேர்ந்து வரும். 2014ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மராத்வாடாவிலும் விதர்பாவிலும் பெய்த கல்மழை வயல்களையே அழித்தது. 2025 மே 21 அன்று தில்லியிலிருந்து ஸ்ரீநகர் சென்ற பயணிகள் விமானம் ஒன்று கல்மழையிற் சிக்கி மூக்குப் பகுதி சிதைந்து, நல்லவேளையாகப் பத்திரமாகத் தரையிறங்கியது. வானிலை ஆய்வுத் துறை ரேடார் கொண்டு, அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கையை அவ்வப்போது வெளியிடுகிறது. அலுவலகத்தில் தேநீர் அருந்தும் வேளையில் அதை ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம். அந்த இரண்டு மணி நேரமே நமக்குக் கிடைத்த கொட்டகை.

முதலில் இடம். இவ்விடத்துப் புயற்காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ வீசும். கற்களும் சாய்வாகவே விழும். எனவே உயர்ந்த கட்டடத்தின் கிழக்குச் சுவரை ஒட்டி நிறுத்தினால் பாதி அடி சுவருக்கே போய்விடும். ஆனால் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு நிறுத்துக. பூந்தொட்டிகளை வரிசையாக அடுக்கிய பால்கனியின் கீழே நிறுத்தினால், கல்லுக்குத் தப்பிய கார் துளசிமாடத்துக்குத் தப்பாது. மரத்தடியும் வேண்டா, புழுதிக்காற்றில் முறியும் வேப்பங்கிளை, கல்மழையிலும் பெருங்கேடு செய்யும்.

அடுத்தது போர்வை. கடைகளில் விற்கும் மெல்லிய கார் உறை தூசிக்கும் வெயிலுக்கும் ஆனது. கல்லுக்கு அது காகிதம். கல்லின் வேகத்தைத் தணிப்பது தடிப்பும், உள்ளே அடைந்திருக்கும் காற்றும்தான். அதற்கு இந்நாட்டிலேயே ஓர் அருமையான பொருள் உண்டு. குளிர்காலம் முடிந்ததும் மடித்து டிரங்குப் பெட்டியில் இடப்படும் பஞ்சு ரஜாய். பழைய ரஜாய் இரண்டு இருந்தால் கூரைக்கும் முன்மூடிக்கும் போதும். மூன்றாவது கிடைத்தால் பின்கண்ணாடிக்கு இடுக. முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கிடையே பிளாஸ்டிக் ஏட்டை ஒட்டிச் செய்தது. விரிசல் கண்டாலும் பெயர்ந்து விழாது. பின்கண்ணாடியும் பக்கக் கண்ணாடிகளும் அப்படியல்ல; பெரும்பாலான கார்களில் அவை ஒரே அடியில் கற்கண்டுத் தூளாக உதிரும் வகையின. போர்வை குறைவானால் பின்புறத்துக்கே முதலிடம் தருவது அறிவுடைமை.

விரிக்குமுன் கூரையிலுள்ள புழுதியைத் தட்டிவிடல் வேண்டும். இல்லையேல் ரஜாயே உப்புத்தாளாகி வண்ணத்தைத் தேய்த்துவிடும். விரித்தபின் அதன்மேல் வழக்கமான உறையைப் போர்த்தி, பருத்திக் கயிற்றைக் காரின் அடிப்புறமாகச் செலுத்தி இரு பக்கமும் இழுத்துக் கட்டுக. இதில் சோம்பல் கூடாது. நாம் ஒருமுறை, "ரஜாய் கனமானதுதானே" என்று கட்டாமலே விட்டோம். கல் விழுவதற்கு முன்பே ஆந்தி வந்து அதைத் தூக்கிக்கொண்டு போய், எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையாரின் மாவடகத்தின்மேல் பரப்பியது. அன்று காருக்கு நேர்ந்த சேதத்தைவிட அவருக்குச் சொல்ல வேண்டியிருந்த சமாதானமே பெரிது. வண்ணத்தின்மேல் நேராக ஒட்டுநாடா ஒட்டுவதும் தவறு. வெயிலேறியபின் அதைப் பிரித்தால் பசை நின்றுவிடும்.

சிம்லா மலையின் ஆப்பிள் தோட்டங்களைக் கண்டோர், மரங்களுக்கு மேலே வெண்வலை விரித்திருப்பதைக் கவனித்திருப்பர். கல்மழைக்கு அஞ்சியே அவ்வலை. வலை இளகிக் கொடுத்துக் கல்லின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. தனிவீட்டில் முற்றம் உடையோர் இதைப் பின்பற்றலாம். நான்கு இரும்புக் கம்பங்களை நட்டு, காரின் கூரைக்கு இரண்டு முழம் மேலே, சற்றே சரிவாக வலையைக் கட்டுதல் வேண்டும். தகட்டைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் வலையால் பயனில்லை.

இவையனைத்தும் முதற்கல் விழுமுன் செய்தற்குரியன. விழத் தொடங்கிய பின்னர், எவ்வளவு புதிய காராயினும் அதை அதன் விதிக்கே விட்டுவிடுக. 1888 ஏப்ரல் 30 அன்று மொராதாபாத்தில் பெய்த கல்மழையில் 246 பேர் மாண்டனர். கல்மழையால் நேர்ந்த உயிர்ச்சேதங்களுள் மிகப் பெரிதென்று உலக வானிலை அமைப்பு அதனையே பதிவு செய்திருக்கிறது. போர்வையோடு வெளியே பாயும் கணவனைக் கையைப் பிடித்து நிறுத்தும் உரிமை ஒவ்வோர் இல்லத்தரசிக்கும் உண்டு. கணவரும் சற்றுக் கேட்டுக்கொள்ளுதல் நன்று.

காரோட்டிச் செல்கையில் பிடித்துக்கொண்டால் வேகத்தைக் குறைத்து, விளக்கேற்றி, பெட்ரோல் பங்கின் கூரையையோ வேறு நிழலிடத்தையோ நாடுக. மேம்பாலத்தின் கீழே நடுச்சாலையில் நின்றுவிடுதல், பின்னால் வருவோர்க்கு யமனாகும். ஒதுங்க இடமே இல்லையெனில், சாலையை விட்டு நன்றாக விலகி, கூடுமானவரை முன்கண்ணாடி காற்றை நோக்குமாறு நிறுத்திக் காருக்குள்ளேயே இருக்க வேண்டும். குழந்தைகளைச் சன்னலோரத்திலிருந்து நடுவே இழுத்து, கைக்குக் கிடைத்த துணியை அவர்கள் தலைமேல் போர்த்துக.

காப்புறுதியைப் பற்றியும் ஒரு சொல். சட்டம் கட்டாயப்படுத்தும் மூன்றாம் நபர்ப் பாலிசி மட்டும் வைத்திருந்தால் கல்மழைச் சேதத்துக்கு ஒரு காசும் வாராது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்த பாலிசியில் கல்மழை அடங்கும். கற்கள் உருகுமுன், எண் பலகை தெரியும்படி படம் எடுத்து, பழுது பார்ப்பதற்கு முன்பே கம்பெனிக்கு அறிவித்தல் வேண்டும். குழி சில மட்டுமே, வண்ணமும் வெடிக்கவில்லையென்றால், உட்புறமிருந்து அழுத்தி நிமிர்த்தும் தொழிலாளர் பெருநகரங்களில் உளர். அச்சிறு செலவுக்காகக் கோரிக்கை வைத்து, கோராதவர்க்குரிய கழிவை அடுத்த ஆண்டில் இழப்பது லாபமா என்று கணக்குப் பார்த்துச் செய்க.

மழை நின்றவுடன் போர்வைகளை எடுத்துவிடல் வேண்டும். ஈரம் வண்ணத்துக்கு ஆகாது. நனைந்த ரஜாயை மறுநாள் வெயிலில் இருபுறமும் திருப்பிப் போட்டு உலர்த்தி, கயிற்றோடு காரின் பின்பெட்டியிலேயே வைத்துவிடுக. வைகாசி பிறந்து சில வாரங்கள் கழியும்வரை அது வீட்டுக்குள் வர வேண்டியதில்லை.