மூத்தோர் மீண்டும் வகுப்பறைக்கு

(நமது அறநிலையத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் அறநிலையம் ஆண்டுதோறும் கல்வி நிதி என்று ஒரு தொகையை ஒதுக்கி வருகிறது. பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம், எஸ்.பி.எம். எழுதும் மாணவர்களுக்கு வழிகாட்டி வகுப்பு என அது செலவாகிறது. இவை தொடர வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. அந்த நிதியில் ஒரு சிறு பங்கை அறுபது, எழுபது வயதைக் கடந்தவர்களின் கல்விக்கும் தர வேண்டும் என்று கேட்கவே இன்று உங்கள் முன் நிற்கிறேன். செயலவைக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஓர் அன்பர், "டீச்சர், இவர்கள் படித்துவிட்டு இனி எந்த வேலைக்குப் போகப் போகிறார்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பணம் கொடுத்தவர்கள் கேட்க உரிமையுள்ள கேள்வி. ஆகவே மூடி மறைக்காமல் பதில் சொல்ல விரும்புகிறேன்.

முதியோர் கல்லூரிக்குப் போவது புதுமையான செய்தி அல்ல. 1973-இல் பிரான்சு நாட்டின் துலூஸ் நகரில் பேராசிரியர் பியர் வெல்லாஸ் என்பவர் ஓய்வு பெற்றவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்தார். 'மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்' என்று அதற்குப் பெயர். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1975-ஆம் ஆண்டின் கோடைகாலத்தில், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஐந்து கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களுமாகச் சேர்ந்து ஒரு காரியம் செய்தன. மாணவர்கள் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டார்கள், விடுதிகள் காலி, வகுப்பறைகள் காலி. அந்த இடங்களில் மூத்தோரைத் தங்க வைத்துப் பாடம் நடத்தினார்கள். மார்ட்டி நோல்டன், டேவிட் பியாங்கோ என்ற இருவருடைய யோசனை அது. முதல் கோடையில் வந்தவர்கள் 220 பேர். தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது. இன்று அந்த நாட்டில் சமூகக் கல்லூரிகள் பலவும் கோடையில் மூத்தோருக்கென்று வகுப்புகள் நடத்துகின்றன. 1982-இல் பிரிட்டனில் தொடங்கிய மூன்றாம் பருவ இயக்கமோ இன்னும் ஒரு படி மேலே போயிற்று. வெளியிலிருந்து ஆசிரியரே வேண்டாம், தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும் என்றது. (ஓர் ஆசிரியையாக இது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது என்றாலும், நல்ல ஏற்பாடுதான்.)

நம் நாட்டில் கோடை என்று தனியாக ஒன்று ஏது? வருடம் முழுவதும் வெயில்தான். ஆனால் கல்லூரி இருக்கிறது, விடுமுறையும் இருக்கிறது. 2001-இல் பன்னிரண்டு கல்லூரிகளோடு அரசாங்கம் தொடங்கிய கோலேஜ் கொமுனிட்டி, அதாவது சமூகக் கல்லூரி, இன்று நாடு முழுவதும் நூற்றுக்கும் மேல். அங்கே குறுகிய கால வகுப்புகள் உண்டு. ஒரு நாள், இரண்டு நாள் வகுப்புகள். ரொட்டி, கேக் செய்வது, தையல், கணினி, மின்சார வயரிங் என்று பலவகை. சேருவதற்குப் பள்ளிச் சான்றிதழ் கேட்பதில்லை; வயதுக்குத் தடையில்லை. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நம் பிள்ளைகளில் சிலர் அங்கே படிக்கிறார்கள். அவர்களை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பி வருகிறோம். அந்த வாசல் நமக்கும் உரியது என்று நினைத்துப் பார்ப்பதில்லை.

நம் மூத்தோர் யார்? தோட்டப்புறத்தில் பிறந்தவர்கள் பலர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. அந்த வழியில் வந்த தமிழ்ப்பள்ளிகளில்தான் இவர்கள் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். அதற்கு மேல் இடைநிலைப் பள்ளிக்குப் போக ஒரு வருடம் புகுமுக வகுப்பைத் தாண்ட வேண்டும். தாண்டியவர் சிலர், பால்மரக் காட்டுக்குப் போனவர் பலர். பெண் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட தாய்மார்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் படிக்கவில்லை என்று சொல்வது சரியல்ல, படிக்க விடப்படவில்லை. அவர்கள் வெட்டிய பாலில் வந்த சம்பளத்தில்தான் அடுத்த தலைமுறை பட்டம் வாங்கியது. அன்பரின் கேள்விக்கு என் முதல் பதில் இது. இவர்களுக்கு நாம் உதவி செய்யவில்லை. பழைய பாக்கியைத் தீர்க்கிறோம்.

இரண்டாவது பதில் இன்னும் அவசரமானது. 2020-இல் கொரோனா தொற்று வந்தபோது கடை வாசலில், வங்கி வாசலில், ஏன், ஆலய வாசலிலும் மைசெஜாத்ரா செயலியில் பதிந்துவிட்டு உள்ளே வாருங்கள் என்றோம். நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதக்கூடக் கை நடுங்கிய பெரியவர்கள், பேரன் வரும்வரை வெளியில் நின்றார்கள். அந்த விதி 2022-இல் போய்விட்டது. ஆனால் கைப்பேசி போகவில்லை. இன்று மோசடிக்காரன் அதே கைப்பேசியில்தான் கூப்பிடுகிறான். நீதிமன்றத்திலிருந்து பேசுகிறேன், உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது, பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள் என்கிறான். ஊழியர் சேமநிதியில் முப்பது வருடம் சேர்ந்த பணம் ஒரு பிற்பகலில் போய்விடுகிறது. அப்படி இழந்த ஒரு குடும்பத்தை நம் சபையில் பலருக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். 997 என்ற எண்ணை உடனே அழைத்தால் பணத்தை நிறுத்த வழி பிறக்கலாம். இந்த எண் 2022-லிருந்து இருக்கிறது. தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் என்று இங்கே கேட்கப் போவதில்லை.

சென்ற ஆண்டு நம் ஆலயத்திலிருந்து பதினொரு பேரை அருகிலுள்ள சமூகக் கல்லூரிக்கு அழைத்துப் போனோம். எட்டுப் பேர் தாய்மார்கள். கைப்பேசி, கணினி அறிமுக வகுப்பு, இரண்டு சனிக்கிழமை. கட்டணம் ஒரு பொருட்டாக இல்லை. தடையாக நின்றது மொழிதான். நம்மவர்கள் சந்தையில் மீன் வாங்கும் மலாய் நன்றாகப் பேசுவார்கள். பயிற்றுநரோ பாட மலாய் பேசினார். நல்ல இளைஞர், பொறுமைசாலி. ஆனால் அவர் 'கத்தா லாலுவான்' என்றதும் எல்லார் முகத்திலும் ஒரு கலக்கம். நான் எழுந்து, "கத்தா என்றால் சொல், லாலுவான் என்றால் கடந்து போகும் வழி, நம் தமிழிலும் கடவுச்சொல் என்றுதானே சொல்கிறோம்" என்றேன். எழுபத்தொரு வயது அம்மா ஒருவர், "அட, இவ்வளவுதானா டீச்சர்? கேட் திறக்க ஜாகாவிடம் சொல்லும் சொல் மாதிரி" என்றார். தோட்டத்துக் காவல்காரரை நினைத்துச் சொன்னார். அதைவிடச் சரியான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. அடுத்த சனிக்கிழமை அவரே தம் மகளுக்கு முதல் முறையாகச் செய்தி அனுப்பினார். தமிழில், மூன்று சொற்கள், ஒரு எழுத்துப் பிழை. நான் திருத்தவில்லை.

பதினொரு பேரில் இரண்டு பேர் மறு வாரம் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவருக்கு முழங்கால் வலி, கல்லூரி மாடி ஏற முடியவில்லை. இன்னொருவருக்குக் கூச்சம். பேரப்பிள்ளைகள் கேலி செய்தார்களாம். முழங்காலுக்குக் கீழ்த்தள வகுப்பறை கேட்டு வாங்கலாம். கேலிக்கு மருந்து வீட்டில்தான் இருக்கிறது. பெற்றோர்கள் கவனிக்க வேண்டும்.

திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் எழுதி, கல்லாமைக்கு ஓர் அதிகாரம் எழுதி, உடனே கேள்வி என்று இன்னோர் அதிகாரம் வைத்திருக்கிறார். ஏட்டைப் பிடிக்க வாய்ப்பில்லாதவனுக்கும் காது வழியாக அறிவு வரட்டும் என்ற கருணை அது. நம் ஆலயத்தில் புராணம் கேட்டே வளர்ந்தவர்களுக்குக் கேட்டுக் கற்பது புதிதல்ல. கேட்கும் மொழியைத்தான் நாம் அமைத்துத் தர வேண்டும்.

என் வேண்டுகோள் இதுதான். பல்கலைக்கழகங்களின் நீண்ட செமஸ்டர் விடுமுறையில் நம் உபகாரச் சம்பளம் பெறும் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். இரண்டு மூத்தோருக்கு ஒரு பிள்ளை என்று பக்கத்தில் உட்கார்ந்து மலாயைத் தமிழில் சொல்லட்டும். உபகாரச் சம்பளத்துக்கு இதை ஒரு நிபந்தனையாகவே வைக்கலாம் என்பது என் கருத்து. செயலவையில் சிலர் அன்பு வேண்டுகோளாக வைத்தால் போதும் என்கிறார்கள், அது முடிவாகட்டும். அறநிலையம் தர வேண்டியது வேன் வாடகை, வகுப்புக் கட்டணம், மதிய உணவு. உணவை நம் அன்னதானக் குழுவினர் ஏற்றுக்கொள்வதாக முன்பே சொல்லிவிட்டார்கள். தலைக்கு எவ்வளவு வெள்ளி ஆகும் என்ற கணக்கைப் பொருளாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். விரும்பும் நன்கொடையாளர்கள் வாங்கிப் பார்க்கலாம். கும்பாபிஷேக நிதியிலிருந்து ஒரு காசும் இதற்குத் தொடப்படாது.

பெயர் கொடுக்க விரும்பும் மூத்தோர் வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்குப் பின் அர்ச்சனைச் சீட்டு முகப்பில் அடையாள அட்டையோடு வந்தால் போதும். பாரத்தை நாங்களே நிரப்பித் தருகிறோம். கையெழுத்து மட்டும் அவர்கள் போட வேண்டும். கையெழுத்துப் பழக விரும்புகிறவர்கள் அரை மணி முன்னதாக வாருங்கள், நான் அங்கே இருப்பேன்.