கொட்டகை கழற்றிய பின்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



இங்கிலாந்தின் யோக்சயர் பகுதியில் றிச்மண்ட் என்றொரு சிறு பட்டினம். அங்கே 1788இல் கட்டிய நாடகசாலை இன்றும் நிற்கிறது. 1848இல் நாடகம் நின்றது, கட்டடம் ஏலக்கடையாயிற்று. 1963இல் அதை மீண்டும் திறந்தார்கள். காடு தீட்டிய பழைய காட்சித் தட்டிகளைக்கூடக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் நாடகசாலைக்கு அப்படிச் சுவர் இருந்ததில்லை. கோயில் வீதியிலும் வெறுங்காணியிலும் கொட்டகை போட்டு, சீன் கட்டி, காஸ் லைற் ஏற்றி, விடியவிடிய ஆடினார்கள். விடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போனார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வளர்த்த இசை நாடக மரபு தென்னிந்தியக் குழுக்களோடு கடல் கடந்து வந்தது. அதை இந்த மண்ணின் சொத்தாக்கியவர்களில் முதன்மையானவர் காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989). அவருடைய வசந்த கான சபாவின் அரிச்சந்திர மயான காண்டத்தைப் பற்றி எங்கள் பெற்றோர் பேசாத நாளில்லை. அவர் மறைந்த அடுத்த ஆண்டே போரினால் காங்கேசன்துறை மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டது. பெட்டிகளில் இருந்த உடுப்பும், பாட்டுக் கொப்பியும், ஆர்மோனியமும் எத்தனை வீடுகளில் திரும்பக் கிடைத்தன?

ஆகவே எங்கள் நாடகசாலையில் எஞ்சியிருப்பது மனிதரின் நினைவுதான். மறதி நோய் கண்ட முதியவர்களை என் தொழிலில் அடிக்கடி பார்க்கிறேன். பிள்ளையின் பெயர் தடுமாறும். காலையில் சாப்பிட்டது நினைவிராது. ஆனால் இளமையில் கேட்ட மெட்டை எடுத்துக் கொடுத்தால் அடுத்த அடி தானாக வரும். பழகிய இசையின் நினைவு பலரிடம் நெடுநாள் நிற்கும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. நெடுநாள் என்றேன், என்றென்றைக்கும் என்று சொல்லவில்லை.

இதில் எங்களுக்கும் ஒரு பங்குண்டு. அந்தக் கொட்டகைகளில் சந்திரமதிக்குச் சேலை கட்டியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்பிள்ளை மேடையேறுவதை வீடுகள் விரும்பவில்லை. பள்ளிக்கூட மேடை மட்டும் அதை மாற்றியது. இங்கே பெண்பிள்ளைகளே மீசை ஒட்டி அரிச்சந்திரனானோம். ஆண்குரலில் அதட்டவும், சபை நடுவே நிமிர்ந்து நிற்கவும் பழகினோம். நோயாளியின் உறவினருக்குக் கசப்பான செய்தியைத் தடுமாறாமல் சொல்ல எனக்கு அந்த மேடையும் உதவியிருக்கிறது.

சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை நாங்கள். இன்று எல்லோர் கையிலும் ஒலிப்பதிவு செய்யும் கைத்தொலைபேசி இருக்கிறது. என் வேண்டுகோள் சிறியது. வீட்டிலோ அயலிலோ கூத்தும் நாடகமும் ஆடியவர்கள், பார்த்தவர்கள் இருந்தால், அவர்களின் சம்மதத்தோடு பாட வைத்துப் பதியுங்கள். யாரிடம் பழகினார்கள், எந்தக் கோயில் வீதியில் ஆடினார்கள், எந்தப் பாத்திரம் என்பதையும் கேளுங்கள். ஒரு பிரதி எங்கள் நூலகத்தில் இருக்கட்டும். அடுத்த பொதுக்கூட்டத்துக்குள் ஆளுக்கு ஒன்று கொண்டுவந்தாலே போதும்.