பழைய சட்டமும் புதிய ஆசையும்

பழைய மோட்டார்ச் சைக்கிள் ஒன்று கைக்கு வந்ததும், அதைத் தம் மனம்போல மாற்றியமைக்கும் ஆசை எழுவது இயல்பே. விளக்கும் இருக்கையும் பழுதுற்றால் வேறு வாங்கலாம். ஆயின், அனைத்தையும் தாங்கிநிற்கும் சட்டத்தில் எவ்வளவு தூரம் கைவைக்கலாம் என்பது ஆழ்ந்து தீர்மானிக்கவேண்டிய வினாவாகும்.

பெல்பாஸ்ட் நகரத்து மக்கண்ட்லெஸ் சகோதரர் உருவாக்கிய சட்டத்தைக் கொண்ட நோர்ட்டன் வண்டிகள், 1950ஆம் ஆண்டில் மான் தீவிலே நடைபெற்ற சீனியர் டி.டி. பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் பெற்றன. ஏறிச்செல்ல இதமாயிருந்தமையால் அச்சட்டம் ‘இறகு மெத்தை’ எனப் பெயர்பெற்றது. பின்னர் ஆங்கில இளைஞர் பலர் அதனுள்ளே ட்ரையம்ப் எஞ்சினைப் பொருத்தி, ‘ட்ரைட்டன்’ என்னும் கலப்பு வண்டியைப் படைத்தனர். பெரும் மாற்றந்தான், எனினும், சட்டத்தை அறுக்காது, உலோகத் தகடுகளை இடையில் வைத்து மரையாணிகளால் முடுக்கியே இதனைச் செய்ய முடிந்தது. ஆணிகளைக் கழற்றினால் பழைய சட்டம் பழையபடியே மீளும்.

இதற்கு மாறாக, சட்டத்தின் பின்பகுதியை அறுத்தெறிவோரும், முன்கழுத்தின் சாய்வைக் கூட்டுவோரும் உளர். கழுத்து அதிகம் சாய்ந்தால், மெதுவாகச் செல்லும்போது கைபிடி கனத்து, முன்சில்லு ஒருபுறம் விழப்பார்க்கும். மேலும், நோர்ட்டன் பந்தயச் சட்டங்கள் ‘றெயினோல்ட்ஸ் 531’ என்னும் மெல்லிய உருக்குக் குழாய்களால் ஆனவை. உருக்கு உருகாத வெப்பத்தில், வெண்கலங்கொண்டு இணைக்கப்பட்டவை. அவற்றை உருக்கி ஒட்டினால் ஒட்டின் அருகே உறுதி குன்றும். ஓடும்போதே வெடிப்புக் காணலாம். அப்போது இழப்பது வண்டியை மட்டுமன்று.

ஆகவே, வாளை எடுக்குமுன் சட்டத்தை நன்கு ஆராய்க. அதிற் பொறித்த இலக்கம் தொழிற்சாலைப் பதிவோடு ஒத்து, குழாய்களும் குறையின்றி இருப்பின், கழற்றி மீட்கக்கூடிய மாற்றத்தோடு நின்றுவிடுக. முன்னையோர் ஒருவர் ஏற்கெனவே அறுத்துச் சிதைத்த சட்டமாயின் உமக்குச் சுதந்திரம் அதிகம். வளைவோ, வெடிப்போ, துருவின் அரிப்போ இருப்பின் மாற்றம் கடமையே ஆகும். ஆனால், அளவுச் சட்டகத்தில் வைத்து வேலைசெய்யும் தேர்ந்த தொழிலாளியிடமே அதை ஒப்படைத்தல் வேண்டும்.

பூசிய வண்ணத்தைச் சுரண்டலாம். பூட்டிய ஆணியைக் கழற்றலாம். அறுத்த குழாயோ மீண்டும் பழைய குழாயாகாது.