கேம் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறீர்களா? முதலில் கணக்கைப் போடுவோம்

(காட்டுப்பள்ளியில் நடந்த பெற்றோர் – மாணவர் கூட்டத்தில் நம் அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)





தலைப்பைப் பார்த்துவிட்டு, "நலப்பணிக் கூட்டத்தில் கேம் கம்ப்யூட்டருக்கு என்ன வேலை?" என்று சில அத்தாமார்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். துறைமுகத்தில் ஒப்பந்த வேலை, லாரி, மீன் வியாபாரம், சின்னக் கடை என்று பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் ஐம்பதாயிரம், அறுபதாயிரம் ஒரே நாளில் வீட்டை விட்டுப் போகிறதென்றால், அது நலம் சம்பந்தப்பட்ட விஷயம்தான். பைக் வாங்க நாலு பேரிடம் விசாரிக்கிறோம். கம்ப்யூட்டர் என்று வந்துவிட்டால், "நமக்கு என்ன தெரியும்?" என்று பணத்தைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறோம்.

பிள்ளைகள் விளையாடலாமா, எவ்வளவு நேரம் விளையாடலாம் என்பது அந்தந்த வீட்டின் முடிவு. காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே இயற்றிவிட்டது. அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. நாம் பேசுவது, பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பூட்டும் கம்ப்யூட்டரைப் பற்றி. விளையாட்டுக்கு என்று வாங்கினாலும் வீடியோ எடிட்டிங், ஆட்டோகேட், பிளெண்டர் எல்லாம் அதில் ஓடும். ஒழுங்காக வாங்கினால் படிப்புக்கும் தொழிலுக்கும் கைகொடுக்கும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது மொத்தத் தொகை. பாகங்களின் பட்டியல் அதற்குப் பிறகுதான். பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. நாற்பதாயிரம் என்று சொல்லிக் கிளம்புவார்கள். பெட்டி தயாரானதும் மானிட்டர் நினைவுக்கு வரும், பிறகு கீபோர்டு, மவுஸ், ஹெட்செட், யுபிஎஸ். கடைசியில் உம்மாவின் சீட்டுப் பணத்தில் போய் முடியும்.

ஒரு கணக்குக்காக 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 14,000, 15,000 ரூபாயை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். அது மானிட்டர், யுபிஎஸ், கீபோர்டு, மவுஸுக்கு. மிச்சம் 45,000. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, 15,000 முதல் 17,000 வரை, கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். கேம் ஓடுவதில் பெரும்பாரத்தைச் சுமப்பது அதுதான். ப்ராசஸருக்கு அதைவிடக் குறைவாகச் செலவழித்தால் போதும். நம் பிள்ளைகள் சிலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். பெரிய நம்பர் போட்ட ப்ராசஸரை வாங்கிவிட்டு, கையில் மிஞ்சியதற்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு. ட்ரெய்லரை இழுக்கிற இன்ஜினை மினி லாரியில் பூட்டின மாதிரி!

மானிட்டரும் கார்டும் பொருத்தமாக இருக்க வேண்டும். சாதாரண 1080 பிக்சல் மானிட்டர்தான் என்றால், 4கே திரைக்கான கார்டு எதற்கு? வேலோரண்ட் போன்ற இலவச ஆட்டங்கள் சாதாரணக் கார்டிலேயே நன்றாக ஓடும். எந்த ஆட்டம் என்று பிள்ளையிடம் கேளுங்கள். அந்த ஆட்டத்தை வெளியிட்டவர்களே, குறைந்தபட்சம் என்ன வேண்டும், நன்றாக ஓட என்ன வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அந்தக் காகிதத்தோடு கடைக்குப் போனால் பேச்சு சுருங்கும்.

ரேம் விஷயத்தில் இப்போது கூடுதல் கவனம் வேண்டும். செயற்கை நுண்ணறிவுக்காக உலகமெங்கும் பெரிய கணினி மையங்கள் கட்டுகிறார்கள். நினைவகச் சிப்புகள் அந்தப் பக்கம் போவதால், 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கிடுகிடுவென ஏறியது. ஆறு மாதம் முன்பு யாரோ சொன்ன விலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வீட்டில் பழைய டெஸ்க்டாப் இருந்தால் திறந்து பாருங்கள். உள்ளே டிடிஆர்4 ரேம் இருந்தால், ஏஎம்டியின் ஏஎம்4 வகை மதர்போர்டு வாங்கி அதிலேயே போட்டுக்கொள்ளலாம். 2022-இல் வந்த ஏஎம்5 வகைக்கு டிடிஆர்5 மட்டும்தான் சேரும். பழையது அதில் நுழையாது. லேப்டாப் ரேமும் டெஸ்க்டாப்பில் நுழையாது.

பணம் முழுவதும் கையில் இல்லையென்றால் என்ன செய்வது? கடைக்காரர் உடனே "நோ காஸ்ட் இஎம்ஐ" என்பார். வட்டியே இல்லை என்ற அந்தப் பேச்சை நிதானமாகப் பார்க்க வேண்டும். வட்டியைச் செயலாக்கக் கட்டணம் என்ற பெயரில் மறைத்துக் காட்டுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வட்டியிலிருந்து விலகியிருக்க நினைக்கும் நாம், பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

அதற்கு வேறு வழி இருக்கிறது: இரண்டு தவணையாக வாங்குவது. தவணை என்றால் கடனை அல்ல, பொருளைச் சொல்கிறோம். ரைசன் 5 5600ஜி போன்ற சில ப்ராசஸர்களுக்குள்ளேயே ஓரளவு நல்ல கிராபிக்ஸ் இருக்கிறது. முதலில் கார்டு இல்லாமல் கம்ப்யூட்டரைப் பூட்டிவிடலாம். படிப்பு நடக்கும், இலேசான ஆட்டங்களும் ஓடும். எட்டு மாதமோ ஒரு வருடமோ சேமித்து, பிறகு கார்டைச் செருகிக்கொள்ளலாம். அப்படிச் செய்வதாக இருந்தால் 'எஃப்' எழுத்தில் முடியும் இன்டெல் ப்ராசஸரை வாங்கிவிடாதீர்கள். விலை மலிவாக இருக்கும். ஆனால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது.

இனி நம் ஊருக்கே உரிய செலவு. சென்னையின் வேறு பகுதிகளில் பேசுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

அத்திப்பட்டுப் புதுநகரில் அனல்மின் நிலையம், வல்லூரில் இன்னொன்று. மின்சாரம் தயாராகும் இடத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறோம். இருந்தாலும் மழைக்காற்று வீசினால் நம் வீட்டு விளக்கு கண் சிமிட்டத்தான் செய்கிறது. அதனால் பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்காதீர்கள். பெயர் தெரியாத கம்பெனியின் 1,000 ரூபாய் சப்ளை வெடித்தால், 15,000 ரூபாய் கார்டையும் கூடவே கொண்டுபோகலாம். '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்கிறது. பாதுகாப்புக்கு அது மட்டும் சான்றல்ல. எத்தனை வருட வாரண்டி என்று கேளுங்கள். யுபிஎஸ் வாங்கும்போது விஏ என்பதை வாட் என்று எண்ணிவிடாதீர்கள். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கேம் ஓடும்போது கார்டும் மானிட்டரும் சேர்ந்து அந்த எல்லையைத் தொட்டுவிட்டால், கரண்ட் போன நொடியில் யுபிஎஸ்ஸும் படுத்துவிடும். 1000 விஏ பார்ப்பது நல்லது.

அடுத்தது காற்று. ஒரு பக்கம் கடல் உப்பு, மறுபக்கம் நிலக்கரித் தூசியும் சாம்பலும். ஜன்னல் கம்பி எத்தனை வருடத்தில் துருப்பிடிக்கிறது என்று நமக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குள் இருப்பது அதைவிட மெல்லிய உலோகம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியும் கலர் விளக்கும் கொண்ட கேபினெட்டைப் பிள்ளைகள் விரும்புவார்கள். நாங்கள் விரும்பச் சொல்வது முன்னால் வலையும், கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியும் இருப்பதை. விளக்குக்குக் கொடுக்கும் ஆயிரத்தை பவர் சப்ளைக்குக் கொடுங்கள். கடல் பக்கத்து ஜன்னலோரம் வைக்காதீர்கள். தரையிலும் வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீரோடு எண்ணெயும் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

பழைய கார்டு வாங்குகிறவர்களும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். திருகாணியிலும் ஓரத் தகட்டிலும் துரு இருக்கிறதா, விசிறி சத்தம் போடுகிறதா என்று பாருங்கள். கால் மணி நேரமாவது ஒரு ஆட்டத்தை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டிக் காட்ட மறுத்தால், வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

கரண்ட் பில்லும் செலவுதான். 350 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் தினம் 4 மணி நேரம் ஓடினால் 1.4 யூனிட். இரண்டு மாதத்துக்கு 84 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும்.

எங்கே வாங்குவது? அத்திப்பட்டிலோ மீஞ்சூரிலோ ரயில் ஏறி, கடற்கரை நிலையத்தில் பறக்கும் ரயிலுக்கு மாறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால் ரிச்சி ஸ்ட்ரீட் நடக்கும் தூரம். பக்கத்தில்தான், ஒரு காலத்தில் சினிமா விநியோகஸ்தர்களின் அலுவலகங்களுக்குப் பேர்போன மீரான் சாகிப் தெரு. முதல் நாள் பணம் கொண்டு போகாதீர்கள்; காகிதம் மட்டும் போதும். மூன்று கடைகளில் ஒரே பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொரு பாகத்துக்கும் மாடல் பெயரோடு விலை எழுதி வாங்குங்கள். "ரேம் 16 ஜிபி" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

விலை வரியோடா, வரி இல்லாமலா என்று கட்டாயம் கேளுங்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம். 50,000 என்று சொன்னது வரி சேர்ந்தால் 59,000 ஆகிவிடும். "பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், அந்தக் குறைப்பு உங்கள் வாரண்டியின் விலை. கார்டு இரண்டாவது வருடம் பழுதானால் கம்பெனி கேட்பது பில்லையும் சீரியல் நம்பரையும்தான். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் இருக்கட்டும். நம் ஊர் ஈரத்தில் பில்லின் எழுத்து மங்கிவிடும். அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். அட்டைப் பெட்டிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள், தாய்மார்களே.

மூன்று கடைப் பட்டியல்களையும் வாங்கியவர்கள், பணம் கட்டுவதற்கு முன் நம் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். கம்ப்யூட்டர் தெரிந்த நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறோம். தம்பி மட்டும் வராமல் அத்தாவோ உம்மாவோ கூட வரட்டும்.