பின்னோக்கிச் செலுத்தும் வித்தை

சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள கரிசற் கிராமங்களில், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் டிரெய்லரை, இருபுறமும் சுவர் நெருக்கும் சந்தின் வழியே படப்படிவரை ஒருவர் பின்னோக்கிக் கொண்டுவரும் வேளையில், திண்ணையிலிருக்கும் பெரியவர்களும் எழுந்து வந்து பார்ப்பதுண்டு. அவர்களை எழுப்புகிற அச்செயலில் ஒரு கலையின் லட்சணம் பூரணமாக இருக்கிறதென்றே நான் கருதுகிறேன்.

ஆடித்தபசுத் திருவிழாவில் சங்கரன்கோவிலின் ரத வீதிகளைச் சுற்றிவரும் கோமதியம்மன் தேர் சறுக்குக் கட்டைகளால் திசைதிரும்பி முன்னோக்கியே செல்வது. களத்துக்கும் தொழுவுக்கும் போகிற வண்டிக்கு அச்சலுகை இல்லை.

வால் இடப்பக்கம் போகவேண்டுமானால் ஸ்டீரிங்கை வலப்பக்கம் திருப்பவேண்டும் என்பதே இவ்வித்தையின் சூட்சுமம். இரு சக்கர டிரெய்லர் தன் அச்சை மையமாகக் கொண்டு சுழல்வதால், டிராக்டரின் கொக்கி அதன் முனையை வலப்புறம் தள்ள, மறுமுனை இடப்புறம் விலகும். விலகத் தொடங்கியதும் ஸ்டீரிங்கை இடப்பக்கம் மீட்டு, டிரெய்லர் போகும் வழியிலேயே டிராக்டரை நடத்தவேண்டும். தாமதித்தால் கோணம் தானே வளர்ந்து, டிரெய்லரின் மூலை பெரிய சக்கரத்தில் வந்து இடிக்கும். கொக்கிக்கும் அச்சுக்கும் இடைத்தூரம் குறையக் குறைய இம்மடக்கம் விரைவாகும் ஆதலால், சிறிய டிரெய்லர் சுலபம் என்பது வெறும் பிரமை. முன்னச்சும் திரும்புகிற நாலு சக்கர டிரெய்லரோ இரண்டிடங்களில் மடங்குவது. அதை நேரே பின்னெடுப்பவரை வித்வான் என்றழைக்க எனக்குத் தயக்கமில்லை.

நம் பாட்டன்மார் இந்த நியாயத்தை மாட்டுவண்டியிலேயே அறிந்திருந்தார்கள். ஏர்க்காலும் வண்டியும் ஓருடலாக இருப்பதால், பின்புறம் இடம் திரும்ப நுகத்தடி வலம் ஒதுங்கவேண்டும். வண்டிக்காரர் கீழிறங்கி, காளைகளின் முன்னே நின்று, மூக்கணாங்கயிற்றை வலிக்காமல் பிடித்து, நுகத்தடியில் கைகொடுத்து, அடியடியாக அவற்றைப் பின்வாங்கச் செய்வார். முன்னே இழுத்தே பழகிய ஜீவன், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கால்வைக்கச் சம்மதிப்பது அவர்மீதுள்ள விசுவாசத்தினால்தான். இரும்பு யந்திரத்தைப் பின்னெடுக்கும் எந்தச் சாமர்த்தியத்தையும் விட இதனையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

கற்க விரும்புவோர், அறுவடை முடிந்து காலியாகக் கிடக்கும் களத்தில், வெறும் டிரெய்லரோடு, மிக மெதுவாகப் பழகவேண்டும். கோணம் பிசகினால் முன்னே சென்று நேராக்கிக்கொண்டு மறுபடி தொடங்குவது இழுக்கன்று. தேர்ந்தவர்களும் அவ்வாறே செய்கிறார்கள்.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், வண்டியைப் பின்னோக்கிச் செலுத்திக் குறுகலான இடத்துக்குள் நுழைக்கும் திறனை ஓட்டுநர் பரீட்சையில் கோருகின்றன. டிராக்டர் பழக வரும் இளைஞருக்கு, டிரெய்லரைப் பூட்டிய நிலையிலேயே அத்திறனைக் கற்பிக்குமாறும், களத்தில் குழந்தைகள் விளையாடும் ஊர்களில் பின்னே ஓர் ஆளை நிறுத்தாமல் வண்டியை அசைக்கலாகாது என்பதை முதற்பாடமாகச் சொல்லிக்கொடுக்குமாறும் ஓட்டுநர் பயிற்சி அளிப்போரைக் கேட்டுக்கொள்கிறேன்.