விக்கிரகம் எங்கே இருக்கிறது?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் பெர்ஹாலா என்றொரு சாலை இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். புத்த மகா விகாரை அங்கேதான் இருக்கிறது. பெர்ஹாலா என்ற மலாய்ச் சொல்லுக்கு விக்கிரகம் என்று பொருள். அதே பிரிக்பீல்ட்ஸில் கந்தசாமி கோயிலும் உண்டு, சீயோன் லுத்தரன் தேவாலயமும் உண்டு. ஒரு கிறிஸ்தவப் பிள்ளை, "அப்பா, விக்கிரகம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டால், அடுத்த தெருவைக் கைகாட்டிவிடுவது நமக்கு ரொம்பச் சுலபம். ஆனால் வேதம் நம்மை அடுத்த தெருவைப் பார்க்கச் சொல்லவில்லை. நான் கிறிஸ்தவன். ஆகையால் எங்கள் வீட்டுக் கதையைத்தான் இங்கே பேசப்போகிறேன். பிறர் கும்பிடுவதைக் குறை சொல்வது என் வேலையல்ல.

பழைய ஏற்பாட்டில் ஒரு வரலாறு உண்டு. வனாந்தரத்தில் பாம்பு கடித்து ஜனங்கள் மடிந்தபோது, தேவன் சொன்னபடி மோசே ஒரு வெண்கலச் சர்ப்பத்தைச் செய்து கம்பத்தில் உயர்த்தினார். அதை நோக்கிப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். கதை அதோடு முடியவில்லை. பல தலைமுறைக்குப் பிறகு ஜனங்கள் அந்தச் சர்ப்பத்துக்கே தூபம் காட்டத் தொடங்கினார்கள். எசேக்கியா என்ற அரசர் வந்து அதை உடைத்துப்போட்டார். எவ்வளவு பெரிய துணிச்சல் பாருங்க! மோசே கையால் செய்த பொருள் அது. தேவனே கொடுத்த நன்மைதான். ஆனால் கொடுத்தவரை மறந்து, கொடுத்த பொருளைப் பிடித்துக்கொண்டபோது அது விக்கிரகமாகிவிட்டது.

ஆகவே விக்கிரகம் கல்லிலும் வெண்கலத்திலும் மட்டும் இல்லை. தேவனுக்குரிய முதலிடத்தில் எதை உட்கார வைக்கிறோமோ அதுதான் விக்கிரகம். பொருளாசையும் விக்கிரக வணக்கமே என்று பவுல் அப்போஸ்தலர் கொலோசெயருக்கு எழுதினார்.

நம் முன்னோர் கப்பலேறி வந்த தமிழகத்திலே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்று ஓர் ஊர். 1872ஆம் ஆண்டு அங்கே கட்டிய கத்தோலிக்கக் கோயிலுக்கு இரண்டு நீண்ட கூடங்கள், காற்சட்டையின் இரண்டு கால்களைப் போல. ஒரு பக்கம் ஒரு சாதியார், மறுபக்கம் வேறு சாதியார், நடுவிலே தடுப்பு. பீடம் ஒன்றுதான். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாம்! 1910ல் அந்தச் சுவரை இடித்தார்கள். உடனே சிலர், பழையபடி பிரித்து வைக்க வேண்டுமென்று மேற்றிராணியார் மீது வழக்குத் தொடுத்தார்கள். சென்னை உயர்நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்கவில்லை. ஜெபம் செய்யும் இடத்துக்குள்ளேயே சாதி என்ற விக்கிரகம் நடுவில் நின்றதே, அதை யாரும் விக்கிரகம் என்று அப்போது சொல்லவில்லை!

கடல் தாண்டி வந்த நாம் அதை விட்டுவிட்டோமா? ஞாயிற்றுக்கிழமை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடுகிறோம். பெண் கேட்டு வரும்போது, "அவங்க என்ன ஆளுங்க?" என்று மெதுவாக விசாரிக்கிறோம். சுவர் மனத்துக்குள்ளே போய்விட்டது, அவ்வளவுதான்.

இன்னொன்று, நாலு நம்பர். கனவிலே கண்டதும் நம்பர், மோதிய காரின் பலகையிலும் நம்பர். கோயில் பலகையில் எழுதிய பாட்டெண்ணைக் குறித்துக்கொண்டு போகிற புண்ணியவான்களும் இருக்கிறார்களாம்! சிரிக்கிறீர்கள். சம்பள நாளில் வீட்டுக்கு வரவேண்டிய பணம் கள்ளுக்கும் நம்பருக்கும் காணிக்கையாகப் போகும்போது, பிள்ளையின் புத்தகப் பைக்குப் பணம் இருக்காது. அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வராது. கழுத்தில் சிலுவை தொங்கினாலும், காரிலே இயேசுநாதர் படம் ஒட்டியிருந்தாலும், நம் பணமும் நேரமும் போகிற இடத்தில்தான் நம் பக்தி இருக்கிறது.

கடைசியாக, இன்றைய விழாவுக்கு வருகிறேன். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 1988ல் தொடங்கி 2021ல் நீக்கப்பட்டது. அத்தனை ஆண்டும் எத்தனை 'ஏ' என்பதுதான் நம் வீடுகளில் மந்திரம். தேர்வு போய்விட்டது, மந்திரம் போனதா? மேசையில் இருக்கும் கிண்ணங்கள் நல்லவை. உழைத்த பிள்ளை வாங்கட்டும், நாம் எல்லாரும் கை தட்டுவோம். ஆனால் வெறுங்கையோடு வீடு திரும்பும் பிள்ளையும் தேவன் படைத்த பிள்ளைதான். "அடுத்த வீட்டுப் பையன் வாங்கிட்டான், நீ ஏன் வாங்கல?" என்று இன்றிரவு அதன் முகம் வாடும்படி கேட்டால், கிண்ணத்துக்கு முன்னே நம் பிள்ளையையே பலி கொடுக்கிறோம். வெண்கலச் சர்ப்பத்தின் கதை இதுதான் அல்லவா?

மாணவச் செல்வங்களே, பரிசு வாங்கியவர்கள் கற்றுக்கொடுத்த ஆசிரியருக்கும் ஆண்டவருக்கும் நன்றி சொல்லுங்கள். வாங்காத தோழனின் தோளில் கை போட்டு நடங்கள். அதுவும் ஒரு வழிபாடுதான்.

பெற்றோர்களே, இன்றிரவு வீட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: எதை இழந்தால் எனக்குத் தேவனே போய்விட்டது போல் இருக்கும்? பதிலாக வருவது எதுவோ, அதை முதலிடத்திலிருந்து கொஞ்சம் இறக்கி வையுங்கள். எசேக்கியாவின் துணிச்சல் அதற்கு வேண்டும். அந்தத் துணிச்சலை இறைவன் நம் எல்லாருக்கும் அருள்வாராக.